கர்ப்பத்தில் ஏறும் சர்க்கரையும் நஞ்சுக்கொடியின் வளர்ச்சிக் காரணிகளும்

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 31 வயது. முதல் கர்ப்பம், 26 வாரம் முடிந்திருக்கிறது. முதல் நான்கு மாதம் வாந்தியில் படுத்தபடியே கிடந்தேன். ஒருமுறை ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அது அடங்கிய பிறகுதான் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தேன். போன வாரம் குளுக்கோஸ் குடித்துச் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 95, ஒரு மணி நேரத்தில் 186, இரண்டு மணி நேரத்தில் 148 வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் 240. கர்ப்பத்துக்கு முன்னால் எல்லாம் நார்மலாகத்தான் இருந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் நான் அதிகமாகச் சாப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் சொல்கிறார்கள். என் மருத்துவர், 'நஞ்சுக்கொடியில் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் வருவது' என்றார். குழந்தைக்கு உணவு தரும் நஞ்சுக்கொடியே எனக்கு நோயையும் தருமா? அந்தக் காரணிகளை ரத்தத்தில் அளந்து குறைக்க முடியாதா? மூன்றாம் மாதப் பரிசோதனையில் பாப்-ஏ என்ற புரதம் சற்றுக் குறைவு என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இரண்டு வாரம் பார்த்துவிட்டு இன்சுலின் போடலாம் என்கிறார்கள், அது குழந்தைக்குப் போய்விடாதா? குழந்தையின் எடை கூட 'வளர்ச்சிக் காரணி' சேர்த்த பவுடர் ஒன்றைத் தெரிந்தவர் சொன்னார், எடுக்கலாமா? பிரசவத்துக்குப் பிறகு இது போய்விடுமா?

பதில்:

நிறையக் கேட்டிருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது, 'இது என் தப்பா?' என்ற ஒரே கேள்விதான் மனதில் நின்றது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தப்பு இல்லை. நான்கு மாதம் வாந்தியில் வாடியவர் பசி திரும்பியதும் சாப்பிட்டதைக் குற்றமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

கர்ப்பமான எல்லாப் பெண்களின் உடலிலும், மெலிந்தவர், பருத்தவர் என்ற வேறுபாடு இல்லாமல், ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. முதல் பாதியில் உடல் சேமிக்கும். சாப்பிட்டதைக் கொழுப்பாக மாற்றி ஒதுக்கி வைக்கும். இந்தக் கட்டத்தில் இன்சுலின் நன்றாகவே வேலை செய்யும், சிலருக்கு முன்னைவிடச் சர்க்கரை குறைந்துகூடப் போகும். 20 வாரத்தை ஒட்டி காற்று திசை மாறுகிறது. சேமித்த கொழுப்பு கரையத் தொடங்குகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலின் சொல்வதைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. கடைசி மூன்று மாதத்துக்குள் இன்சுலினின் செயல்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். வேறு யாருக்காவது இப்படி ஆனால் நாங்கள் கவலைப்படுவோம். கர்ப்பிணிக்கு இப்படி ஆகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் தாயின் தசை எடுத்துக்கொள்ளாமல் விட்ட குளுக்கோஸ்தான் குழந்தைக்குப் போகிறது. தாய் கொழுப்பை எரித்துத் தன்னை நடத்திக்கொண்டு, குளுக்கோஸைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது.

சரி, இந்த மாற்றத்தை யார் தொடங்கி வைக்கிறார்கள்? பெரும்பங்கு நஞ்சுக்கொடிக்கு. பிரசவம் ஆனதும் தாய்மார்களில் பலர் குழந்தையைத்தான் பார்ப்பார்கள், நஞ்சுக்கொடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டால் நான் காட்டச் சொல்வேன். ஏறக்குறைய அரைக் கிலோ எடை, ஒரு சாண் அகலம், இரண்டு விரல் கனம். குழந்தையைப் பார்த்திருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும். தொப்புள்கொடி ஒட்டும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் வேர் போலப் பரவி ஓடும். திருப்பினால் கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, பதினைந்து இருபது மடல்களாகப் பிரிந்து தெரியும். வெறும் வடிகட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சாண் சதை பத்து மாதமும் ஒரு சுரப்பியாக வேலை பார்த்திருக்கிறது.

அது சுரப்பவற்றில் சிலவற்றை ஹார்மோன் என்கிறோம், சிலவற்றை வளர்ச்சிக் காரணி என்கிறோம். வளர்ச்சிக் காரணி என்பது, செல்லின் மேல் இருக்கும் அதற்கான ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு 'பிரி', 'வளர்', 'சத்தை உள்ளே எடு' என்று செய்தி சொல்லும் புரதம். ஹார்மோன் ரத்தத்தில் தூரம் போகும், வளர்ச்சிக் காரணி பெரும்பாலும் பக்கத்திலேயே வேலை செய்யும் என்று பாடப் புத்தகத்தில் பிரிப்பார்கள். கர்ப்பத்தில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோன். நம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கு இது உடன்பிறப்பு மாதிரி. 191 அமினோ அமிலங்களில் 13 இடங்களில் மட்டும்தான் வேறுபாடு. பிட்யூட்டரி அவ்வப்போது, முக்கியமாகத் தூக்கத்தில், விட்டுவிட்டுச் சுரக்கும். நஞ்சுக்கொடி இடைவிடாமல் சுரக்கும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து இது ஏற ஏற, தாயின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ரத்தத்தில் தென்படாத அளவுக்கு வந்துவிடுகிறது. பொறுப்பு அப்படியே கைமாறிவிடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் கொழுப்பைக் கரைக்கும், தசையில் இன்சுலினின் செய்தியை மங்க வைக்கும். பிட்யூட்டரிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பவர்களில் பலருக்குச் சர்க்கரை வருவதும் இதே வழியில்தான். தாயின் ரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்தால் நஞ்சுக்கொடியிலிருந்து இந்த ஹார்மோன் இன்னும் அதிகமாக வருகிறது. குழந்தைக்குப் போவது குறைந்துவிடக் கூடாது என்று காவல் காப்பது போல இருக்கிறது இல்லையா?

இந்த ஹார்மோன் தாயின் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற காரணியைச் சுரக்க வைக்கிறது. 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்பதன் சுருக்கம் அது. 70 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இன்சுலினின் முன்வடிவத்தோடு அமைப்பில் ஏறக்குறைய பாதி ஒத்துப்போகிறது, அதனால்தான் அந்தப் பெயர். தாயின் ஐ.ஜி.எஃப்-1 கர்ப்பத்தின் தொடக்கத்தில் சற்று இறங்கி, இரண்டாம் பாதியில் ஏறுகிறது. அது குழந்தையின் ரத்தத்துக்குள் நேராகப் போவதில்லை. நஞ்சுக்கொடியின் வாசலிலேயே நின்று, சத்துகளை உள்ளே கடத்தும் வேலையை முடுக்கிவிடுகிறது. குழந்தை தனக்கு வேண்டிய ஐ.ஜி.எஃப்-ஐத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

இவற்றுக்கு அடுத்தபடியாக நஞ்சுக்கொடி லாக்டோஜென். கர்ப்பத்தின் கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் சுரக்கிறது. உடலில் ஹார்மோன்களை மைக்ரோகிராமில் எண்ணிப் பழகிய எங்களுக்கு அது மலைப்பான அளவு. இதுவும் கொழுப்பைக் கரைக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் போய் ஒட்டி, அவற்றைப் பெருக வைக்கிறது, அதிகம் சுரக்க வைக்கிறது. அதாவது இன்சுலினுக்கு எதிராகத் தாயின் தசையைத் திருப்பும் அதே நஞ்சுக்கொடி, அதைச் சமாளிக்கக் கணையத்துக்கும் பலம் கொடுத்து அனுப்புகிறது. இயல்பான கர்ப்பத்தில் கணையம் முன்பு சுரந்ததைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு இன்சுலின் சுரந்து கணக்கைச் சரிசெய்துவிடுகிறது. அப்படிச் சரிசெய்ததும் சர்க்கரை ஏறுவதே இல்லை.

உங்கள் விஷயத்தில் நடந்தது இங்கேதான். எதிர்ப்பு எல்லோருக்கும் போல வந்திருக்கிறது. கணையத்தால் அதற்கு ஈடாக அத்தனை மடங்கு ஏற முடியவில்லை. ஏன் முடியவில்லை என்றால், அம்மாவிடமிருந்து வந்த மரபு ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பத்துக்கு முன்பே இன்சுலின் எதிர்ப்பு கொஞ்சம் இருந்து, பரிசோதனையில் தெரியாத அளவில் மறைந்திருக்கலாம். உடல் எடை, வயது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவையும் இதில் சேரும். கர்ப்பம் கணையத்தை ஓட்டப்பந்தயத்தில் விடுகிறது. சாதாரண நடையில் தெரியாத களைப்பு ஓடும்போது தெரிகிறது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி. நஞ்சுக்கொடியின் காரணிகள் எல்லோருக்கும் உண்டு. நோயாக மாறுவது, அவற்றுக்கும் கணையத்தின் கையிருப்புக்கும் இடையில் விழும் பற்றாக்குறையால்.

வாந்தியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதற்கும் ஒரு வளர்ச்சிக் காரணி காரணம் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அதன் பெயர் ஜி.டி.எஃப்-15. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வந்து, மூளையின் பின்பகுதியில் குமட்டலை ஆளும் இடத்தில் உள்ள ஏற்பியைத் தொடுகிறது. 2023 டிசம்பரில் மார்லீனா ஃபெய்சோ, ஸ்டீஃபன் ஓ ராஹிலி ஆகியோரின் குழு 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முன் யாருடைய ரத்தத்தில் இது குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது. வேறு காரணத்தால் ஏற்கெனவே இது அதிகமாக இருந்து பழகியவர்களுக்கு, உதாரணமாக பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு, வாந்தி குறைவு. நான்கு மாதம் நீங்கள் பட்ட பாட்டை 'மனசுதான் காரணம்' என்று யாராவது சொல்லியிருந்தால், அதையும் இத்தோடு விட்டுவிடுங்கள்.

மரபணுப் பக்கம் இருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லத் தோன்றுகிறது, முக்கியமாக உங்கள் வீட்டாருக்காக. ஐ.ஜி.எஃப்-2 என்று இன்னொரு காரணி உண்டு, கருவின் வளர்ச்சிக்கும் நஞ்சுக்கொடியின் வளர்ச்சிக்கும் முதன்மையானது. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. பெரும்பாலானவற்றில் இரண்டுமே வேலை செய்யும். ஐ.ஜி.எஃப்-2 மரபணுவில் தாயிடமிருந்து வந்த பிரதி அணைக்கப்பட்டு, தந்தையிடமிருந்து வந்தது மட்டும் நஞ்சுக்கொடியில் இயங்குகிறது. எலிகளில் இது 1991-இல் தெரியவந்தது. தாயிடமிருந்து கூடுதலாகச் சத்தைக் கேட்பது தந்தை வழி மரபணுவின் நலன், அளவோடு கொடுத்து அடுத்த கர்ப்பத்துக்கும் மீதி வைப்பது தாய் வழி மரபணுவின் நலன் என்று பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹெய்க் 1993-இல் விளக்கினார். முப்பது ஆண்டு கழித்து, 2023-இல், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலியின் நஞ்சுக்கொடியில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் மட்டும் இந்தக் காரணியை நீக்கிப் பார்த்தார்கள். தாய் எலியின் உடல் வழக்கம்போல மாறவில்லை, குளுக்கோஸும் கொழுப்பும் போதுமான அளவு குட்டிகளுக்கு விடப்படவில்லை, குட்டிகள் வளர்ச்சி குன்றின. கருவே நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் வளர்சிதை மாற்றத்தை நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. மனிதரில் அப்படியே பொருந்தும் என்று எலியை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஒரு பெண் எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று எண்ணுவதில் இந்த விஷயம் அடங்காது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

அளந்து பார்க்க முடியாதா என்றால், ஆராய்ச்சிக்கூடத்தில் அளக்கலாம். உங்கள் சிகிச்சைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ரத்தத்தில் இந்த ஹார்மோன்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதும் ஒருவருக்கு இன்சுலின் எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் அழற்சிப் பொருள்களுக்கும் இதில் பங்கு உண்டு. மரபணுக் குறையால் லாக்டோஜென் சுரக்காமலே இயல்பாகக் குழந்தை பெற்ற பெண்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதுதான் அதற்குப் பொருள். குறைப்பது என்ற பேச்சே வேண்டாம். இவற்றைக் குறைத்தால் குழந்தைக்குப் போகும் சத்தைத்தான் குறைப்போம். நாம் அளக்க வேண்டியது குளுக்கோஸ், அதை விரல் நுனியில் வீட்டிலேயே அளக்கலாம்.

பாப்-ஏ பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 1974-இல் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்தப் புரதத்தைக் கண்டார்கள். என்ன வேலை செய்கிறது என்று தெரியாமலே அடுத்த கால் நூற்றாண்டு போனது. 1999-இல்தான் விடை கிடைத்தது. ஐ.ஜி.எஃப் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை, வேறு சில புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அப்படிப் பிடிக்கும் ஒரு புரதத்தை வெட்டி, ஐ.ஜி.எஃப்-ஐ விடுவிக்கும் கத்தரிதான் பாப்-ஏ. கத்தரி குறைந்தால், விடுபடும் வளர்ச்சிக் காரணியும் குறையலாம். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் இது மிகக் குறைவாக இருப்பவர்களுக்குக் குழந்தை எடை குறைவாக வளரவும், ரத்த அழுத்தம் ஏறவும் சற்று அதிக வாய்ப்பு என்கிறோம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களிலும் சராசரியாக இது குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 'சற்றுக் குறைவு' என்று எழுதியிருந்தால், அதை வைத்து ஒரு தனிநபருக்கு எதையும் கணித்துவிட முடியாது. அந்த அளவு குறைந்தவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் பெற்றெடுக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, 28 வாரத்துக்கு மேல் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனை எப்போது எடுக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். சர்க்கரை குழந்தையைப் பெருக்கப் பார்க்கும், நஞ்சுக்கொடி சரியாக அமையாவிட்டால் அது குழந்தையைச் சிறுக்க வைக்கும். எது நடக்கிறது என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

ட்ரைகிளிசரைடு 240 என்பது உங்களை அச்சுறுத்த வேண்டிய எண் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது இயல்பாகவே இரண்டு, மூன்று மடங்கு ஏறும். கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஓடுவதால் வரும் ஏற்றம் அது. ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' எல்லை கர்ப்பமில்லாதவர்களுக்கானது. பல நூறுகளைத் தாண்டிப் போகாதவரை இதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை.

வெறும் வயிற்றில் 95-க்கு வருவோம். கர்ப்பமில்லாதவருக்கு 100-க்குள் இருந்தால் நல்ல எண். கர்ப்பத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே இறங்கியிருக்க வேண்டும், அதனால் 92-ஐ எட்டினாலே கணக்கில் எடுக்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு 180, இரண்டு மணி நேரத்துக்கு 153. மூன்றில் ஒன்று எட்டினாலும் போதும். உங்களுக்கு முதல் இரண்டும் தாண்டியிருக்கின்றன. கொஞ்சம்தான் தாண்டியிருக்கின்றன என்றாலும், இதை விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும். இன்சுலின் தாண்டாது. இந்த இரண்டு வரியில் பாதி விஷயம் அடங்கிவிடும். உங்கள் ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால், குழந்தையின் ரத்தத்திலும் கூடும். உங்கள் இன்சுலின் அங்கே போகாததால், குழந்தை தன் கணையத்திலிருந்து கூடுதல் இன்சுலினைச் சுரக்கும். கருவில் இன்சுலின் வெறும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காரன் இல்லை, அதுவே ஒரு வளர்ச்சிக் காரணி போல வேலை செய்கிறது. தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது, பிரசவத்தில் தோள் சிக்கும் ஆபத்து கூடுகிறது. தொப்புள்கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே அடங்காது, அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் சொன்ன விளக்கம் இது, இன்றும் நிற்கிறது.

இன்சுலின் போட்டால் குழந்தைக்குப் போகுமா என்ற உங்கள் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போகாது. உங்கள் கணையத்தால் கொடுக்க முடியாத மிச்சத்தை ஊசியால் கொடுக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு வாரம் உணவையும் நடையையும் மாற்றிப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் வராவிட்டால் இன்சுலினுக்குப் போவது நல்ல முடிவு. அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஏற ஏற நஞ்சுக்கொடி பெரிதாகும், எதிர்ப்பும் கூடும். எதையும் மாற்றாமல் ஒழுங்காக இருந்தாலும் 32 வாரத்தில் அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

நடை என்று சொன்னேன். சாப்பிட்டபின் 10-15 நிமிடம் நடக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உத்தரவு இல்லாமலே குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி அடைத்து வைத்தது இன்சுலின் வழியை, நடை திறப்பது வேறு வழி. அதனால் எதிர்ப்பு எவ்வளவு இருந்தாலும் நடை வேலை செய்யும். மருத்துவர் நடக்க வேண்டாம் என்று வேறு காரணத்துக்காகச் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம்.

உணவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. பட்டினி கிடக்காதீர்கள். எண் குறைந்து காட்ட வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது. கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிட வேகமாகப் பட்டினி நிலைக்குப் போகும். சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே கொழுப்பு கரைந்து, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். அமெரிக்க மருத்துவர் நார்பர்ட் ஃப்ரெய்ன்கல் 1960-களில் இதற்கு 'விரைவுபடுத்தப்பட்ட பட்டினி' என்றே பெயர் வைத்தார். ஆகவே மூன்று வேளையையும் வைத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் எதிர்ப்பு அதிகமாக இருக்கும், அதனால் காலை உணவில் மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள். படுக்கும் முன் சிறிதாக ஏதாவது சாப்பிடுங்கள். அளவுகளை உங்கள் எடைக்கு ஏற்ப உணவியல் நிபுணர் ஒருவர் எழுதித் தரட்டும்.

அந்தப் பவுடர் வேண்டாம். வளர்ச்சிக் காரணி எல்லாம் புரதம். வாய்வழியே போனால் வயிறும் குடலும் அதை மற்ற புரதங்களைப் போலச் செரித்துத் துண்டாக்கிவிடும், நஞ்சுக்கொடி வரை போய்ச் சேராது. அதில் சர்க்கரை சேர்த்திருந்தால் அது மட்டும் நன்றாகவே போய்ச் சேரும். உங்கள் குழந்தைக்கு இப்போது எடை கூட்டும் எதுவும் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. 'நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி' என்ற பெயரில் வேறொரு பரிசோதனை உண்டு. அது ரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணி, சர்க்கரையோடு நேரடித் தொடர்பு இல்லை. ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல் வலிப்பு நிலையைச் சந்தேகிக்கும்போது மருத்துவர் அதைக் கேட்கலாம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த நிலைக்கான வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஒவ்வொரு முறை போகும்போதும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குதல் இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு, நான் பார்த்த ஒரு தாயைச் சொல்கிறேன். கடைசி மாதத்தில் ஒரு நாளைக்கு 60 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் பிரசவம் ஆயிற்று, நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலினை நிறுத்தினோம். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 84. அவர் கருவியில் கோளாறு என்று நினைத்து, இன்னொரு விரலில் குத்தி மறுபடியும் பார்த்தார். 86. லாக்டோஜென் ரத்தத்தில் பாதியாகக் குறைய அரை மணி நேரம்கூட ஆகாது, நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோனும் அப்படித்தான். அந்த ஒரு சாண் சதை வெளியே வந்ததும் எதிர்ப்பும் இறங்கத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்கும் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

ஆனால் கணையத்தின் கையிருப்பு குறைவு என்று இந்தக் கர்ப்பம் காட்டிக்கொடுத்திருக்கிறது, அது நஞ்சுக்கொடியோடு போய்விடாது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வர, வராதவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு. தாய்ப்பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு அலைச்சலில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் முதல் தடுப்பூசிகளுக்குப் போகும் நாட்களில் ஒன்றை இதற்கென்று இப்போதே குறித்து வையுங்கள், அன்று காலை வெறும் வயிற்றோடு போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது கூட வர வேண்டும். அந்தப் பரிசோதனை நார்மல் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தால் போதும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கருத்தரிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டு, கர்ப்பம் உறுதியானதும் 24 வாரம்வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.